வாடிக்கைக்காரர் என்பவர் யார்?

“அதெல்லாம் சாதி இல்லைங்க. ரெகுலரா வர்றவங்களைக் கொஞ்சம் கூடுதலா கவனிக்கத்தான் செய்வாங்க. எல்லாக் கடையிலயும் நடக்குறதுதான்.”

லோயர் கேம்ப் வட்டாரத்தில் உள்ள ஒரு பாரைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆதிக்கச் சாதிக்காரர்கள் சொன்னால் ஆச்சரியமில்லை. அம்பேத்கர் படம் போட்ட பனியனோடு நம் படிப்பு வட்டத்துக்கு வருகிற தம்பிகளும் இதையே சொல்கிறார்கள். “சர்வீஸ் சரியில்லைன்னா கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுட்டு வேற கடைக்குப் போக வேண்டியதுதானே” என்று ஒரு தம்பி யோசனையும் சொன்னார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடம் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலைக்குள் புகுந்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரமாகிற இடம். 2013இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டக் கூலிக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விடியலில் இந்த வழியாக இடுக்கி மலைக்கு ஏறும், சாயங்காலம் இறங்கும். நம் தெருக்காரர்கள் அந்த ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போய் வருகிறவர்கள். இறங்கியதும் ஆண்களில் சிலர் அந்த பாருக்குப் போகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஃபேனுக்குக் கீழே உள்ள மேசைகள் ‘ரெகுலர்’களுக்கு. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் வரும், ஐஸ் வாட்டர் வரும், கேட்காமலே சுண்டல் வரும். காசு இல்லாவிட்டால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். நம்மாட்கள் போனால் கழிவறைப் பக்கத்துச் சுவர் ஓரம், பிளாஸ்டிக் கப். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆம்லெட் சொன்னால் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வரும். இருபது வயது சப்ளையர், முப்பது வயதுக்காரரை “வாங்கண்ணே” என்கிறான், அறுபது வயதான நம் பெரியவரை “ஏப்பா, என்ன வேணும்?” என்கிறான். அந்தப் பையன் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

சப்ளையர் சிடுசிடுத்ததை எல்லாம் தீண்டாமைக் கணக்கில் எழுத நாங்கள் வரவில்லை. சைடிஷுக்கு இரட்டை விலை வாங்கும்போது அங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் பூரண சமத்துவம்.

ஆனால் வாடிக்கைக்காரர் என்றால் யார்? வாடிக்கையாக வருகிறவர். அப்படியென்றால், பத்து வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் அந்தச் சுவர் ஓரத்தில் நின்று குடிக்கிற தோட்டக் கூலி ஏன் இன்னும் வாடிக்கைக்காரர் ஆகவில்லை? கம்பத்திலிருந்து முதல் தடவையாக வருகிறவர், “எந்த ஊரு? எந்தத் தெரு?” என்ற இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னதும் ஃபேனுக்குக் கீழே எப்படி உட்கார்கிறார்? குடிக்க வந்தவரிடம் தெருவைக் கேட்பது எதற்கு? தபால் போடவா? பள்ளத்தாக்கில் தெருப் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த பிளாஸ்டிக் கப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரட்டைக் குவளை என்றால் நம் இளைஞர்களுக்கு டீக்கடை வாசலில் தொங்கும் தகர டம்ளரும் தேங்காய்ச் சிரட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் தாத்தா காலம் என்று நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்கப் போன புதுக்கோட்டை ஆட்சியர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்து வழக்குப் போட வைத்தார். 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில், தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குச் சிரட்டையில் டீ ஊற்றியதற்காக இரண்டு பேர் கைதானார்கள். தாத்தா காலம் இன்னும் முடியவில்லை. முடிந்த இடங்களில் அதன் வேலையைக் காகிதக் கப்பும் பிளாஸ்டிக் கப்பும் எடுத்துக்கொண்டன. கழுவ வேண்டியதில்லை, தூக்கி எறியலாம், கேட்டால் சுகாதாரம் என்று சொல்லலாம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் தடை. சாதி காக்கும் கப்புக்கு மட்டும் விதிவிலக்கு போலிருக்கிறது.

குடிக்கிற இடத்தில் இந்தப் பாகுபாடு நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. 1965 பிப்ரவரி 12 அன்று, கொலை செய்யப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு, மால்கம் எக்ஸ் இங்கிலாந்தின் ஸ்மெத்விக் ஊருக்குப் போனார். அங்கிருந்த இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அவரை ‘புளூ கேட்ஸ்’ என்ற பப்புக்குக் கூட்டிப்போனார்கள். வசதியான அறையில் அவர்களுக்குக் கொடுக்க மறுத்து, மற்ற பக்கம் போகச் சொன்னார்கள். ஒரே கூரை, ஒரே பீர், வேறு வேறு அறை. அந்த ஆண்டே இங்கிலாந்தில் பப், ஹோட்டல் போன்ற பொது இடங்களில் நிறம் பார்ப்பதைத் தடை செய்து சட்டம் வந்தது. (அன்று நிறவெறியை எதிர்த்த பஞ்சாபிகளில் எத்தனை பேர் சொந்த ஊரில் சாதி பார்க்காதவர்கள் என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.)

நமக்கு அந்தச் சட்டம் அவர்களுக்குப் பத்து ஆண்டு முன்பே வந்துவிட்டது. சட்டக் கல்லூரித் தம்பிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றால் “ஐந்நூறு ரூபாய் அபராதச் சட்டமா?” என்று சிரிப்பார்கள். சிரிக்காமல் அதன் 6ஆம் பிரிவைப் படியுங்கள். வழக்கமான வியாபாரத்தில் மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் ஒரு பொருளோ சேவையோ தரப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தர மறுப்பது, தீண்டாமையின் பேரில் என்றால், குற்றம். பொருளே இல்லை என்று விரட்டினால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆம்லெட் எப்போது வருகிறது, எந்த மேசைக்கு வருகிறது, கடன் யாருக்கு உண்டு என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரில் அப்படிச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ‘ரெகுலர் கஸ்டமர்’ கதையை அவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அவருக்காக நாம் ஏன் வாதாடுகிறோம்? 8ஆம் பிரிவின்படி, இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஐந்நூறு ரூபாய் அபராதம் எங்கே, பார் லைசென்ஸ் எங்கே!

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

இது யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு. கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுத்து நடத்துகிறவர் அரசின் அனுமதியில் நடத்துகிறார். அங்கே இரண்டு விதக் குவளை என்றால், ‘சமூகநீதி அரசு’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

“வேற கடைக்குப் போங்க” என்ற யோசனைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்கள் தெருவுக்கு விற்பதில்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் குழந்தைகளிடமும் வேறு கடைக்குப் போகச் சொல்வோமா? பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பார் வைத்திருப்பவரின் மச்சான் ஜீப் வைத்திருப்பார். ஜீப் வைத்திருப்பவரின் சித்தப்பா தோட்டத்துக்கு ஆள் பிடிப்பார். இன்று சாயங்காலம் கிளாஸ் கேட்டவருக்கு நாளைக் காலை ஜீப்பில் இடமிருக்காது. அவர் சுவர் ஓரத்தில் நிற்பது ரோஷமில்லாததால் அல்ல.

நம் பக்கத்திலிருந்தே வரும் எதிர்ப்பு வேறு மாதிரியானது. குடியை ஒழிக்கச் சொல்லும் இயக்கம் சாராயக் கிளாஸில் சமத்துவம் கேட்கலாமா? 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடே நடத்தினார்களே? நடத்தினார்கள். அந்தக் கோரிக்கை எங்களுடையதும்தான். களப்பணியில் குடி தின்ற வீடுகளுக்குள் தினமும் போய் வருகிறவர்கள் நாங்கள். ஆனால் 1927இல் மகத் குளத்துக்கு அம்பேத்கர் ஆட்களைக் கூட்டிப்போனது தாகத்துக்காக இல்லை. நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போவதாக அவரே சொன்னார். இதைத் தோட்டத்துக்குப் போகிற ஓர் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தோம். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “எம் புருசனைக் குடிக்காதன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. தனிக் கப்புல குடின்னு சொல்ல அவனுக்கு யாரு குடுத்தா?”

பாஞ்சாகுளத்தில் அந்த வீடியோ பரவியதும் கடைக்கு சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆதாரம் கையில் இருந்தால் அதிகாரிகளின் கால்கள் நடக்கத்தான் செய்கின்றன.

ஆகவே தோழர்களே, ஒரு ஸ்டார் வேண்டாம். புகாரில் கையெழுத்துப் போடுகிறவர் நாளை ஜீப் ஏற வேண்டியவராக இருக்கவும் வேண்டாம். நம் தெருக்களிலிருந்து படித்து வந்த, அந்த ஜீப்பை நம்பிப் பிழைக்காத, 21 வயது நிறைந்தவர்கள் இருவர் இருவராக மூன்று சாயங்காலம் போங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எங்கே உட்கார வைத்தார்கள், எதில் ஊற்றினார்கள், பக்கத்து மேசைக்கு எதில் ஊற்றினார்கள், தெருவைக் கேட்டார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள், தரமாட்டார்கள், அதையும் எழுதுங்கள். டி.எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம். குடிக்காதவர்கள் ஒரு தட்டு சுண்டலும் கண்ணாடி கிளாஸில் தண்ணீரும் கேட்டால் போதும்.