இன்னொரு ரவுண்டு போனா என்ன?

டெல்டாக்காரங்களுக்கு ஏர்போர்ட்னா திருச்சிதான். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது கல்ஃப்ல இருப்பாங்க. அதனால 2024 அக்டோபர் 11 சாயங்காலம் இங்கே பல வீட்டுல யாரும் டி.வி.யை விட்டு நகரலை. ஷார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வட்டமடிச்சு, ராத்திரி எட்டேகாலுக்குப் பத்திரமா இறங்குச்சு.

ஏன் அத்தனை ரவுண்டு? எரிபொருள் தீரத் தீர எடை குறையும். எடை குறைஞ்சா மெதுவா இறங்கலாம், பிரேக்குக்கும் வேலை கம்மி. ஆக, அந்த ராத்திரி ஜெயிச்சது பொறுமை!

இப்போ நாலு வருஷம் பின்னாடி போவோம். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே கம்பெனி, துபாய்லேர்ந்து வந்த விமானம், 190 பேர். இருட்டு, மழை. முதல் முயற்சியில இறங்க முடியலை. ரெண்டாவது தடவை ஓடுபாதையோட இன்னொரு முனையிலேர்ந்து வந்தாங்க. பின்காத்து தள்ள, 8,858 அடி ஓடுபாதையில 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டுச்சு. பாதி ரோடு காலி! மலை உச்சியை வெட்டி அமைச்ச ஓடுபாதை அது. முனையைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து உடைஞ்சுது. ரெண்டு பைலட்டும் சேர்த்து 21 பேர் போயிட்டாங்க.

விசாரணை அறிக்கையில ஒரு விஷயம் மனசைப் பிசையுது. கோ-பைலட் 'கோ அரவுண்ட்'னு சொல்லியிருக்கார். அதாவது, 'இறங்க வேணாம், மேலே ஏத்துங்க'ன்னு. அனுபவசாலி கேப்டன் ஏத்தலை. கன்ட்ரோலைத் தன் கையில எடுத்து ஏத்தியிருக்க வேண்டிய கோ-பைலட்டும் எடுக்கலை. மறுநாள் காலையில கேப்டன் ஓட்ட வேண்டிய விமானம் கோழிக்கோட்டுலதான் இருந்துச்சு. அங்கேயே இறங்கிடணும்கிற நினைப்பும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு அறிக்கை சொல்லுது.

சீனியர் முன்னாடி ஜூனியர் வாய் திறக்கணும், சீனியர் காது கொடுக்கணும். இதுக்குன்னே பைலட்டுகளுக்கு 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்'னு ஒரு பயிற்சி இருக்கு. 1980கள்லேர்ந்தே சொல்லித் தர்றாங்க. பாடம் பழசுதான், பழக்கம்தான் வரலை.

நம்ம கதை மட்டும் என்னவாம்? லேப்ல கனெக்ஷன் தப்புன்னு தெரிஞ்சும், 'சீனியர் போட்டது, நாம எப்படிச் சொல்றது'ன்னு எத்தனை பேர் சும்மா நிக்கிறோம்? டூர் வேன்ல டிரைவர் தூங்கி வழிஞ்சா, 'அண்ணே, ஓரமா நிறுத்துங்க'ன்னு சொல்ல எத்தனை பேருக்கு வாய் வருது?

சொல்லுங்க மக்களே. ஒரு தடவை கேட்கலைன்னா ரெண்டாவது தடவை சத்தமா சொல்லுங்க. இன்னொரு ரவுண்டு போனா லேட்டாகும், அவ்வளவுதானே?