பக்கத்து மேசைக்கு 445 எதற்கு?

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் போர்ட் எண் 445. அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினிக்குக் கோப்பு சர்வரோடு அந்த எண்ணில் வேலை உண்டு. பக்கத்து மேசைக் கணினியோடு அநேகமாகக் கிடையாது. ஆனாலும் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் இரண்டையும் கேள்வி கேட்காமல் கடத்திவிடுகிறது. இணையம் நுழையும் வாசலில் ஃபயர்வால் நிற்கிறதே என்ற தெம்பு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கணினிப் புழு அலுவலகங்களுக்குள் கணினிக்குக் கணினி தாவியது இந்த 445 வழியாகத்தான். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். திருத்தம் போடுவது தள்ளிப்போகும் என்பது உலக வழக்கம். அதனால்தான் ஸ்விட்சிலும் பாக்கெட்டை வடிகட்ட வேண்டும் என்கிறேன்.

இதற்கு ஸ்விட்சில் மூன்று வரிப் பட்டியல் போதும். கோப்பு சர்வருக்கு 445 போகலாம், வேறு யாருக்கும் 445 கூடாது, மற்றதெல்லாம் போகலாம். ஸ்விட்ச் மேலிருந்து பார்த்து, பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். முதல் இரண்டை இடம் மாற்றினால் சர்வரே எட்டாது. மூன்றாவதைத் தலையில் வைத்தால் மற்ற இரண்டும் வெறும் அலங்காரம். அதை எழுத மறந்தாலோ, சிஸ்கோ கருவிகளில் பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'எதுவும் கூடாது' விழித்துக்கொள்ளும். மாடி முழுக்க நெட்வொர்க் செத்துவிடும். எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். விலான்களுக்கு, அதாவது நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த தனித்தனிப் பகுதிகளுக்கு, நடுவே மாட்டிய பட்டியல், ஒரே விலானுக்குள் அடுத்தடுத்த மேசைகள் பேசிக்கொள்வதைத் தொடாது. ஒவ்வொரு மேசையின் கேபிளும் ஸ்விட்சில் நுழையும் இடத்தில் மாட்ட வேண்டும்.

ஸ்விட்சுக்கு ஞாபகம் கிடையாது, எந்தப் பாக்கெட் எதற்குப் பதில் என்று தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தத் தடைக்குப் பெறுநரின் முகவரியும் போர்ட் எண்ணும் தெரிந்தாலே போதும். வேகம் குறையும் என்பது வீண் பயம். டிகேம் என்ற தனி நினைவகம் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுவிடும். அதன் கொள்ளளவு சிறியது என்பதுதான் நிஜமான கவலை. அது பட்டியலைச் சுருக்கமாக வைக்கத்தான் காரணம், எழுதாமல் விட அல்ல.

யாருடைய வேலையாவது நின்றுவிடுமே என்பது இன்னும் நியாயமான கேள்வி. எடுத்தவுடன் தடுக்க வேண்டாம். இரண்டாவது வரியையும் அனுமதியாகவே எழுதி, அதில் எத்தனை பாக்கெட் பொருந்துகிறது என்று ஒரு வாரம் பார்க்கலாம். பல ஸ்விட்சுகள் அந்த எண்ணிக்கையைக் காட்டும். பூஜ்யத்திலேயே நின்றால் தடையாக மாற்றிவிடலாம். ஏறிக்கொண்டே போனால், யாரோ தன் மேசை பிரிண்டரை நாலு பேருக்குப் பகிர்ந்து வைத்திருக்கலாம். அவருக்கென்று மேலே இன்னொரு வரி.