மலைவழியும் மின்கருவியும்

மலைமேற் செல்வோர் கையில் எக்கருவி இருத்தல் வேண்டும் என்னும் வினா, கேட்பதற்குச் சிறிதாயினும் உண்மையிற் சிறிதன்று. விடுமுறை வந்தவுடன் நம் மாணவர் பலர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், பொருள்வசதி உடையார் சிலர் இமயத்திற்கும் நடைப்பிரயாணம் புறப்படுகின்றனர். அவர்தம் மூட்டையுள் கம்பளியினும் உணவினும் முந்தி இடம்பெறுவன மின்கருவிகளே. அவற்றை இகழ்ந்து பேசுதல் எம் கருத்தன்று. இளைஞர் கையில் ஒரு புதுப்பொருளைக் கண்டவுடனே பழங்காலத்தைப் புகழத் தொடங்கும் முதியோர் வழக்கத்தையும் யாம் மேற்கொள்ளோம். ஆயினும், அக்கருவிகளைத் தெரிந்தெடுப்பதிலும் ஆளுவதிலும் ஒரு பெரும்பிழை எங்கும் பரவியிருத்தலைக் காண்கின்றோம். அதனையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

அப்பிழை யாதெனில், ஒரு கைப்பேசியையே எல்லாமாக நம்பிச் செல்லுதல். நிலப்படம் அதனுள், திசைகாட்டி அதனுள், இருளில் விளக்கும் அதனுள், கடிகாரம், காமிரா, ஆபத்தில் உதவி வேண்டி அழைக்கும் குரல் ஆகிய யாவும் அதனுள். ஆறு கருவிகள் ஒன்றாயின என மகிழ்கின்றோம். அவ்வாறும் ஒரே மின்கலத்தில் உயிர்வாழ்கின்றன என்பதை மறந்துவிடுகின்றோம். காலை முதல் அருவியையும் முகிலையும் தன் முகத்தையும் மாறிமாறிப் படம்பிடித்துக் களித்த மாணவன் ஒருவன், பொழுது சாயும் வேளையில் தடம் இரண்டாகப் பிரியுமிடத்தில் வந்து நிற்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கைப்பேசி அணைந்துவிடுமாயின், அவன் இழப்பது காமிராவை மட்டுமோ? வழியையும் விளக்கையும் குரலையும் ஒருங்கே இழக்கின்றான். நினைவுக்காக எடுக்கும் படமும், வீடு மீளும் வழியும் ஒரே மின்கலத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்பதே எம் துணிபு.

கைப்பேசியின் இயல்பை முதற்கண் அறிதல் நன்று. தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அற்றவிடத்தும் அது தான் நிற்கும் இடத்தை அறிய வல்லது. புவிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் விடுக்கும் குறிகளை அது கேட்டறிகின்றது. அவற்றிற்குத் தான் மறுமொழி ஒன்றும் விடுப்பதில்லை. ஆதலின், செல்லும் பகுதியின் படத்தை வீட்டிலிருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டவனுக்கு நடுக்காட்டிலும் அது வழிகாட்டும். இறக்கி வையாதவனுக்கோ வெறுந்திரையின் நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் தோன்றும். கோபுரம் இல்லாவிடத்து அதனை ஓயாது தேடித் தேடியே கைப்பேசி தன் ஆற்றலைப் பெரிதும் செலவிட்டுவிடும். ‘பிளைட் மோடு’ என்னும் நிலையில் அதனை வைப்பின் அத்தேடல் நின்றுவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஜி.பி.எஸ். மட்டும் முன்போல் இயங்கும். இச்சிறு செய்கையொன்றே ஒருநாட் பிரயாணத்தை இருநாளுக்குத் தாங்கச் செய்வதுண்டு.

இனி அதன் குறைகள். அடர்ந்த சோலைக்காட்டிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும், குறிகள் பாறையிற் பட்டுத் தெறித்து வருதலால், புள்ளி உண்மையிடத்தினின்று பல மீட்டர் விலகி நிற்கும். காந்தம் பொருத்திய உறையினுள் இருக்கும் கைப்பேசியின் திசைகாட்டி பொய் கூறும். மழையில் நனைந்த விரலுக்குத் திரை பணியாது. நம் மலைகளில் மழை நாள்பார்த்து வருவதில்லை. ஆதலால் காகிதத்தில் அச்சிட்ட படம் ஒன்றும், காந்தமுள் திசைகாட்டி ஒன்றும் உடனிருத்தல் வேண்டும் என்கின்றோம். 1767-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய நிலஅளவைத் துறை 1:50,000 அளவில் படங்கள் வெளியிட்டுள்ளது. ஒரு கிலோமீட்டர் தூரம் அவற்றில் இரண்டு சென்டிமீட்டராக நிற்கும். சமவுயரக் கோடுகள் நெருங்கி வருமிடம் செங்குத்தென்றும், அகன்று செல்லுமிடம் சரிவு மெல்லியதென்றும் அறிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். தாளுக்கு மின்னேற்ற வேண்டுவதில்லை.

விளக்கும் தனியே வேண்டும். நெற்றியிற் கட்டும் விளக்கு நூறு கிராம் அளவினது. இரு கைகளும் பாறையைப் பற்றுதற்கு விடுதலை பெறும். கைப்பேசி விளக்கை ஏந்திக்கொண்டு இறங்குவோன் ஒரு கையை இழந்தவனாகவே இறங்குகின்றான்.

கைப்பேசிக்கு மறுபடி மின்னேற்றக் கொண்டுசெல்லும் ‘பவர் பாங்க்’ பற்றியும் ஒரு சொல். அதன்மேல் 10,000 மில்லி ஆம்பியர்-மணி எனப் பொறித்திருப்பது உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டுக்குரிய கணக்கு. அதனை 5 வோல்ட்டாக மாற்றித் தருங்கால் எண் குறையும். வெப்பமாகவும் ஒரு பங்கு வீணாகும். எனவே 5,000 எண்ணுடைய கைப்பேசியை இருமுறை நிரப்பலாம் என்று கணக்கிட்டுச் செல்வோன் ஏமாறுவான். ஒன்றரை முறை நிரம்பினாலே பெரிது. இரண்டு மூன்று நாட் பயணத்திற்கு இருநூறு கிராம் சொச்சம் எடையுள்ள அவ்வொன்று போதும். முதுகிற் சூரியத்தகடு கட்டிக்கொண்டு சோலைநிழலுள் நடப்போரையும் கண்டிருக்கின்றோம். அத்தகடு அவர்க்குக் குடையாகவேனும் பயன்படுக.

இமயத்திற்குச் செல்வோர் குளிரையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். உத்தரகண்டத்திலுள்ள கேதார்கந்தா போன்ற சிகரங்களுக்குப் பனிக்காலத்திலேயே மாணவர் பலர் செல்கின்றனர். லித்தியம் மின்கலத்தின் உள்ளே நிகழும் இரசாயன வினை குளிரில் மந்தமாகும். பாதிக்கு மேல் இருப்புக் காட்டிய கைப்பேசி திடீரென அணைந்துபோவது இதனாலேயே. உடற்சூட்டிற் சிறிது நேரம் வைப்பின் பெரும்பாலும் மீண்டெழும். ஆகவே பகலில் மேலங்கியின் உட்பையிலும், இரவில் உறக்கப்பைக்குள்ளும் மின்கலங்களை வைத்துக்கொள்க. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் கலத்திற்கு மின்னேற்றுதல் அதற்கு நிலையான கேடு விளைக்கும்.

காமிராவுக்கு வருவோம். கைப்பேசியின் காமிராவே இக்காலத்திற் சிறந்து விளங்க, வேறொன்று எதற்கு என்பர் பலர். படத்தின் அழகை மட்டும் நோக்கின் அவர் கூற்றில் உண்மையுண்டு. யாம் தனிக்காமிராவை வேண்டுவது படத்தின் பொருட்டன்று. கைப்பேசியின் மின்கலத்தைக் காத்தற்பொருட்டே. இந்நோக்கத்திற்கு உள்ளங்கையில் அடங்கும் சிறுகாமிரா போதும். 2023-இல் வெளிவந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7 என்பது கால்கிலோ எடையுடையது. 15 மீட்டர் ஆழ நீரிலும் கெடாதது. தென்மேற்குப் பருவமழைக்கு அஞ்ச வேண்டாதது. புதிதாய் வாங்க இயலாதார் பழைய சிறுகாமிரா ஒன்றை வாங்கி, நெகிழிப்பையுள் வைத்துக்கொள்ளினும் குறைவில்லை. விலங்கும் பறவையும் எடுக்க விரும்பி 200-600 மில்லிமீட்டர் வில்லையைச் சுமப்போர், அவ்வில்லை ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் என்பதையும், அந்த இரண்டு கிலோவுக்கு ஈடாக மூட்டையினின்று எதனை வெளியே எடுத்தோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. அது பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும்.

படத்தின் எண்ணிக்கையும் அழகும் வேறு. அன்சல் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கப் படக்கலைஞர் 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின்மேல் ஏறியபொழுது, அவர் பெரிய காமிராவோடு கொண்டுசென்றவை பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளே. ஹாப் டோம் என்னும் பாறைமுகத்தை அடைந்தபோது எஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்றில் மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தார். வானம் தம் மனத்திற் கண்டவாறு இருளாதென்று உணர்ந்து, கடைசித் தகட்டிற் செந்நிற வடிகட்டியை இட்டு எடுத்தார். அவருக்குப் புகழ் தந்தது அக்கடைசித் தகடே. பன்னிரண்டு தகடு உடையவன் ஒவ்வொன்றின்முன்னும் நின்று நோக்குகின்றான். பன்னிரண்டாயிரம் எடுக்க வல்லவன் நோக்குதலையே பின்னர் வைத்துக்கொள்ளலாமென்று ஒத்திவைக்கின்றான். நாள் ஒன்றுக்கு இத்தனை என எல்லை வகுத்துக்கொண்டு எடுத்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம்.

வெளிநாட்டு நூல்களும் பட்டியல்களும் படித்து அவ்வண்ணமே வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆளில்லா மலைகளில் நடப்போர், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை முதலில் வாங்குக என்பர். அந்நாடுகளில் அது பலர் உயிரைக் காத்துள்ளமை உண்மை. நம் நாட்டிலோ அரசின் உரிமம் இன்றி அத்தகைய கருவியைக் கையில் வைத்திருத்தலே குற்றம். 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் வெளிநாட்டுப் பிரயாணிகள் இக்காரணம் பற்றி விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். பாதுகாப்பு நோக்கி விதித்த தடை என்பதை யாம் அறிவோம். ஆயினும், மலையிற் கால்முறிந்து கிடப்பவனுக்கு உதவி தேடும் ஒரே வழியையும் அது அடைத்துவிடுகின்றது. பதிவுபெற்ற வழிகாட்டிகளுக்கும் மலையேற்றக் கழகங்களுக்குமேனும் எளிய முறையில் உரிமம் வழங்குதல் அரசினருக்கு ஆகாத காரியமன்று. அதுவரை நமக்குள்ளது கைப்பேசியே. 112 என்னும் அவசர எண், நம் நிறுவனத்தின் கோபுரம் இல்லாவிடத்தும் பிறர் கோபுரம் இருப்பின் அதன்வழிச் செல்லும். பேச்சுச் செல்லாத மெல்லிய தொடர்பிலும் குறுஞ்செய்தி செல்வதுண்டு.

சில கருவிகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுமாறு கூறவும் வேண்டியிருக்கின்றது. யானையும் காட்டெருமையும் நடமாடும் வழியில் செவியே முதற்காவல். செவிக்குள் பாட்டுக்கருவியைச் செருகிக்கொண்டு நடப்போன் காவலனைத் தானே உறங்க வைக்கின்றான். ஒலிபெருக்கியோ தன்னோடு பிறர் காவலையும் கெடுக்கும். வனத்துறையின் இசைவின்றி டிரோன் பறக்கவிடுதல் விதிக்கும் மாறானது, வரையாடுகளுக்கும் துன்பமானது.

எக்கருவியும் தீயை நிறுத்தாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயில் அகப்பட்டு இருபதுபேருக்கு மேல் உயிர்துறந்தனர். அவர்களிற் பலர் இளைஞர். அதன்பின்னரே நம் மாகாணத்தில் மலைநடைக்கு விதிகள் இறுகின. 2024-இல் வனத்துறையே நாற்பது வழிகளைத் தெரிந்து, வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. இசைவுச்சீட்டுப் பெறுதல் தொல்லையென்று முணுமுணுக்கும் நண்பர்காள், நீவிர் இன்ன வழியிற் சென்றீர், இன்ன பொழுதுக்குள் மீளவேண்டியவர் என்பதை அறிந்த ஒருவர் கீழே இருத்தற்கு அச்சீட்டே சான்று. அதனோடு, செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் தாளில் எழுதி விடுதியிலோ வீட்டிலோ கொடுத்துச் செல்லுதலும் தவறலாகாது.

இறுதியாக, பணம் பற்றிய பேச்சு. மேலே கூறிய யாவும் வாங்கவல்ல மாணவர் நூற்றுக்கு எத்துணைபேர்? வாங்கவியலாதவன் கைப்பேசி ஒன்றோடு புறப்படுகின்றான். யாம் பிழையென்றது அவனுக்கு வறுமை. ஆதலால் கல்லூரிதோறும் ஒரு பொதுப்பெட்டி வைத்தல் வேண்டும் என்று ஆசிரியரையும் பழைய மாணவரையும் கேட்டுக்கொள்ளுகின்றோம். ஆறு நெற்றிவிளக்குகள், நான்கு பவர் பாங்குகள், மூன்று திசைகாட்டிகள், அண்மை மலைகளின் அச்சுப்படங்கள், நீர்புகாச் சிறுகாமிரா ஒன்று, இவை அதனுள் இருந்தாற் போதும். நூலகத்தில் நூல் எடுப்பதுபோலக் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். பெட்டியைக் காக்கும் மாணவன், மின்கலங்களைப் பாதியளவு நிரப்பி வைத்தலும், மழைப்பயணத்தினின்று மீண்ட காமிராவை ஈரம் உலர்த்தி, வில்லையிற் பூஞ்சை பற்றாவண்ணம் சிலிக்காப் பொட்டலத்தோடு மூடிவைத்தலும் கற்றுக்கொள்வான். பழைய மாணவர் பலர் வீட்டு அலமாரியில், வாங்கிய ஆண்டிலேயே ஓய்வுபெற்ற காமிராக்கள் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது கொண்டுவருவார்களாக. மின்னேற்றும் கம்பியையும் மறவாமல்.