கால் ஊன்றும் உயரம்

ஒன்பது ஆண்டுகள் எங்களைச் சுமந்த நெடும்பயண மோட்டார்சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு க்ரூஸரை வாங்குவதா வேண்டாமா? மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் இதுவே பேச்சு. ஒரு வண்டியை மாற்றுவதற்கு இத்தனை யோசனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கப்பட்ட வண்டியை விற்பது, அதில் போய்வந்த நம்மையும் சேர்த்து விற்பதாகத் தோன்றிவிடுகிறது என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை.

நாங்கள் இருவர். ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் பின்னால் அமர்பவர். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. உயரத்தில் இருவரும் சராசரிக்குக் கீழே. சென்ற ஆண்டு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, ஓரிடத்தில் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினோம். இடப்பக்கம் தரை சரிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஊன்றிய கால் நிலத்தைத் தொடவில்லை. வண்டி மிக மெதுவாகச் சாய்ந்தது. பின்னால் இருந்தவருக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டியின் மீது பிழையில்லை, பிழை எங்களுடையது. ஆனால் அன்றுதான் இந்தக் கேள்வி பிறந்தது.

இரு வகை வண்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டை எண்களில் பார்ப்பது நல்லது. சென்னையை அடுத்த ஆலைகளில் உருவான இரண்டையே எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்து 2023 வரை விற்பனையில் இருந்த 411 சிசி ஹிமாலயன், நெடும்பயணத்துக்கென்றே அமைந்தது. இருக்கை தரையிலிருந்து 800 மில்லிமீட்டர். வண்டியின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடைவெளி 220. முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கி 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும். 2020இல் வந்த மீட்டியார் 350 க்ரூஸர் வகை. இருக்கை 765, இடைவெளி 170, அமுங்கும் அளவு 130. எடையில் இரண்டுமே ஏறத்தாழ இருநூறு கிலோதான். நிமிர்ந்து நிற்கும்வரை அந்த எடையைச் சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு கோணத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் எந்தக் காலாலும் தாங்க முடியாது. அந்தக் கோணத்தை எட்டும் முன்னரே பாதம் தரையில் பதிகிறதா என்பதே கேள்வி. முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்பது இரண்டு விரற்கடை. நீண்ட கால் உடையவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே எல்லாம்.

க்ரூஸரின் குறைகளை நாங்கள் அறியாமல் இல்லை. அதன் வடிவம் அமெரிக்காவின் அகன்ற, நேரான சாலைகளில் பிறந்தது. கால்கள் முன்னோக்கி நீண்டிருப்பதால் உடலின் எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்குகிறது. நெடும்பயண வண்டியில், பள்ளம் வருவதைக் கண்டதும் கால்மிதியில் எழுந்து நின்றுவிடலாம்; அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் அது எளிதல்ல, முதுகெலும்புதான் வாங்கிக்கொள்ளும். வளைவுகளில் அதிகம் சாய்த்தால் கால்மிதி தரையில் உரசும். பின்னிருக்கை பல வண்டிகளில் ஒப்புக்கு வைத்ததுபோல் இருக்கும்.

நண்பர் ஒருவர் கறாராகவே சொன்னார்: க்ரூஸர் கடற்கரைச் சாலையில் பவனி வருவதற்கானது, பயணத்துக்கானது அன்று. இந்தக் கருத்து நம் ஊரில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 2001இல் எலிமினேட்டரும், அடுத்த ஆண்டு தண்டர்பேர்டும், 2005இல் அவெஞ்சரும் வந்தபோது விளம்பரங்கள் விற்றதெல்லாம் தோரணையைத்தான். ஆனால் வண்டியின் வகையா பயணத்தைத் தீர்மானிக்கிறது? மோட்டார்சைக்கிள் பயணத்தை வைத்து எழுதப்பட்ட நூல்களில் மிகவும் புகழ்பெற்றது 1974இல் வெளியான ராபர்ட் பிர்சிக்கின் நூல். அதற்கு அடிப்படையான 1968ஆம் ஆண்டுப் பயணத்தில் அவர் ஓட்டியது வெறும் 305 சிசி ஹோண்டா. இன்றைய எந்த வரையறையின்படியும் அது நெடும்பயண வண்டி அன்று. பின்னிருக்கையில் பதினொரு வயது மகனையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை போனார். உடன் வந்த நண்பர்களிடம் அதைவிட விலை கூடிய பிஎம்டபிள்யூ இருந்தது. பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் அந்த நண்பர்தான். ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் இடையே உள்ள உறவே பயணம் என்பதை அந்நூலின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நூலை வைத்து வண்டி வாங்க முடியாது. ஆகவே தெரிந்தவர் ஒருவரின் க்ரூஸரை இரண்டு நாள் இரவல் பெற்று, கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குச் சென்றுவந்தோம். பொள்ளாச்சி வரை சுகம். மலையேற்றத்தில் நாற்பது வளைவுகளையும் எங்கள் பழைய வேகத்தில் எடுக்க முடியவில்லை. இரண்டு இடங்களில் கால்மிதி உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் அமர்ந்தவர் மூன்றாம் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இதோடு வழக்கு தீர்ந்தது என்றே நினைத்தோம்.

ஆனால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனையில், யோசனையே இல்லாமல் நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணையின் நீர் விரிந்து கிடந்தது. இரு பாதங்களும் முழுதாகத் தரையில் இருந்தன. பின்னால் இருந்தவர் தோளைப் பற்றாமல் இறங்கினார். அப்போதுதான் உறைத்தது: கொல்லிமலைக்குப் பிறகு நாங்கள் எங்கேயுமே வழியில் நிறுத்தவில்லை. சரிவான ஓரம், சரளைக்கல், சேற்றுத்தடம் எதைக் கண்டாலும், ‘திரும்பி வரும்போது பார்க்கலாம்’ என்று சொல்லிக் கடந்துகொண்டிருந்தோம். திரும்பி வரும்போதும் நிறுத்தியதில்லை. அச்சம் ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஓராண்டை ஓட்டியிருக்கிறோம்.

நினைத்த இடத்தில் நிற்க முடியாத பயணம் வெறும் போக்குவரத்துதான். அதற்குப் பேருந்தே போதும்.

எங்கள் முடிவை எல்லோருக்குமான தீர்ப்பாக முன்வைக்கவில்லை. கால் எட்டுகிறவர்கள், கற்சாலைகளைத் தேடிப் போகிறவர்கள் நெடும்பயண வண்டியைக் கொடுப்பது நட்டமே. உயரம் மட்டுமே தடை என்றால், இருக்கையின் மெத்தையைக் குறைத்துப் பார்ப்பது செலவு குறைந்த வழி. எங்களுக்கு அது போதவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். இத்தகைய முடிவுகளில் பின்னால் அமர்பவருக்கும் சரிபாதி உரிமை உண்டு. விழுந்தால் அவரும்தான் விழுகிறார். எங்கள் வீட்டில் முதலில் ‘மாற்றிவிடலாம்’ என்றவர், இடுப்பு வலித்த அதே ஆள்தான். வலிக்கு நல்ல மெத்தை இருக்கிறது, ஒரு மணிக்கொரு தேநீர் இருக்கிறது. பயத்துக்கு அப்படி எதுவும் இல்லை என்றார்.

பழைய வண்டியைக் கடையில் ஒப்படைக்கும் முன் ஒருமுறை கழுவித் துடைத்தோம். மதிப்பிட்டவர், இவ்வளவு ஓடிய வண்டிக்கு இதற்குமேல் தர முடியாது என்றார். நாங்கள் பேரம் பேசவில்லை. அவர் குறைத்த தொகைக்கு மேலாகவே அந்த வண்டி எங்களுக்குக் கொடுத்திருந்தது.