ஸ்பிட்ஃபயரா... எம்.ஜி.பி.யா?

சாரல் ஆரம்பிச்சதும் கடையநல்லூர் பசங்களுக்கு வண்டி தானா குற்றாலம் பக்கம் திரும்பிடும். அப்படி ஒரு சாயங்காலம், கூரையைத் திறந்துபோட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல போனா எப்படி இருக்கும்? சாவி உங்க கையில. ஆனா ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கலாம்... ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயரா, எம்.ஜி.பி.யா? (எம்.ஜி.ன்னதும் பின்னால ஓர் 'ஆர்' சேர்த்துக்காதீங்க பாஸ், மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம் அது!)

ரெண்டுமே இங்கிலாந்துச் சரக்கு. ரெண்டுமே 1962-ல் பிறந்து 1980-ல் நின்றுபோனவை. 1968-க்குப் பிறகு முதலாளியும் ஒருத்தர்தான், பிரிட்டிஷ் லேலண்ட். ஒரே வீட்டுச் சாப்பாடு, ஆனா குணம் வேற!

எம்.ஜி.பி. கொஞ்சம் தடி ஆள். 1,798 சி.சி. எஞ்சின், சுமார் 95 குதிரைசக்தி. ஸ்பிட்ஃபயரின் முதல் மாடலில் 1,147 சி.சி., 63 குதிரைசக்திதான். ஆனா அது நமக்குச் சொந்தக்கார வண்டி தெரியுமா? மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, கண்ணு விரியும். ட்ரயம்ப் ஹெரால்டின் இந்திய அவதாரம் அது. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே செஞ்சாங்க. ரெண்டையும் வரைஞ்சவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்பக்கம் சாய்ச்சிடலாம். டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே எஞ்சினை நோண்டலாம். மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொர்க்கம்!

அப்ப ஸ்பிட்ஃபயர்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா? பொறுங்க. நீங்க குற்றாலத்தோட நிக்கமாட்டீங்க. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவுக்கும் போவீங்க. வில்லங்கமே அங்கதான்.

ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் பின்சக்கரங்களுக்கு 'ஸ்விங் ஆக்சில்'. சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேரா போகாது, கதவு மாதிரி ஒரு முனையில் மடங்கி ஆடும். வளைவுக்குள்ள வேகமா நுழைஞ்சு, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டீங்கன்னா காரின் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, பிடி விட்டுப்போய், வண்டி பம்பரமா சுத்தும். ஈர ரோட்டில் கேட்கவே வேண்டாம். 1970-ல் வந்த மார்க் 4 மாடலில் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைப் பெருமளவு அடக்கிட்டாங்க.

எம்.ஜி.பி.யில் பின்னால ஒரே முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங், நம்ம பழைய அம்பாசடர் மாதிரி. பள்ளத்துல தூக்கிப் போடும், ஆனா சக்கரம் மடங்காது.

என் ஓட்டு? 1970-க்கு முந்தையதுன்னா எம்.ஜி.பி. பிந்தையதுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஸ்பிட்ஃபயர். இன்னொரு காரணமும் இருக்கு. முதல் ரெண்டு ஸ்பிட்ஃபயர் மாடல்களில் கூரை மடங்காது. கல்யாணப் பந்தல் மாதிரி கம்பியைத் தனியா நட்டு, துணியை மேல மாட்டணும். நீங்க மாட்டி முடிக்கிறதுக்குள்ள சீட்ல ஐந்தருவியே ஓடும்!