கண்ணாலே பார்த்தாச்சே, சாமி!



சென்ற கோடையில் ஒரு மாலை, எம் கடற்கரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மருத்துவமனைத் தாள்களைச் சுருட்டிப் பிடித்தபடி பங்கு இல்லத்திற்கு வந்தார். இளமை முதல் சங்கு குளித்தே வாழ்ந்தவர். அவருடைய தகப்பனார் 1961-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்பில் பாரில் இறங்கியவர். பெரியவருக்குச் சில மாதங்களாக வலப்பக்க அடிவயிற்றில் வலி. உடலும் இளைத்துக்கொண்டே வந்தது. மருத்துவர் பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்த்துவிட்டு, “லிம்போமாவாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், மறுமுறை பார்த்துச் சதை எடுக்கவேண்டும்” என்று சொல்லியிருக்கிறார். பெரியவருக்கு ஒரே சினம்.

“கண்ணாலே பார்த்தாச்சே, சாமி! பின்னே என்ன ‘இருக்கலாம்’?”

நியாயமான கேள்விதான். இதற்கு விடை அறியாத காலத்தில் நானே ஒரு பிழை செய்திருக்கிறேன். அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

கொலோனோஸ்கோப்பி என்னும் இச்சோதனைக்கு வழி திறந்தவர்களுள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞருடன் இலண்டனில் ஆராய்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளின் கட்டு வழியே ஓர் உருவத்தை வளைத்து எடுத்துச் செல்லலாம் என்பதை 1954-இல் உலகிற்கு அறிவித்தார். 1969-ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரில் உல்ஃப், ஷின்யா ஆகிய மருத்துவர்கள் வளையும் குழாயைப் பெருங்குடல் முழுவதிலும் செலுத்திப் பார்க்கும் முறையை நிலைநாட்டினர். இன்று அக்குழாயின் நுனியில் சிறு காமிராவே இருக்கிறது. ஆயினும் குடல் சுத்தமாக இல்லாவிடில் அது எதையும் காணாது. முந்தின நாள் தருகின்ற பேதி மருந்தைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுகிறவர்கள், கலங்கல் தண்ணீரில் குளியாளியை இறக்குகிறவர்களே.

இனி, அந்தக் காமிரா காண்பது என்ன? பெருங்குடலில் தோன்றும் வழக்கமான புற்றுநோய் குடலின் உட்சவ்விலேயே முளைக்கிறது. ஆகையால் அது கரடுமுரடாக, தொட்டால் இரத்தம் கசிவதாக, பல வேளைகளில் குடலை வளையம்போல் இறுக்குவதாகக் கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரியும். லிம்போமா அப்படியன்று. அது சவ்வுக்கு அடியிலுள்ள நிணநீர்த் திசுவில் பிறக்கிறது. அத்திசு மிகுந்திருப்பது சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில். எனவே அதையடுத்த குருட்டுக்குடலில்தான் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. சிலருக்கு அது பெரிய கட்டியாகப் புடைத்து நிற்கும். சிலருக்கு ஆழ்ந்த புண்ணாகும். வேறு சிலருக்கோ குடலின் மடிப்புகள் மட்டும் தடித்துப் போயிருக்கும். ஒருவகையில் சிறு சிறு மொட்டுகள் குடல் நெடுகத் தூவினாற்போல் இருக்கும். மேற்சவ்வு ஏறத்தாழ இயல்பாகவே தோன்றுவதும் உண்டு. கட்டி பெரிதாயிருந்தும் குடல் அடைபடாதிருப்பது இந்நோயின் ஒரு விந்தை. ஏனெனில் அது மென்மையானது, தழும்பு கட்டி இறுக்குவது குறைவு. பெருங்குடற் புற்றுநோய்கள் நூறில் ஒன்றுகூட இவ்வகையாக இராது என்பதால், மருத்துவரின் எண்ணம் முதலில் இதன்பால் செல்லாதிருப்பதிலும் வியப்பில்லை.

பெரியவரிடம் நான் கேட்டேன்: “மணலில் புதைந்து கிடக்கும் சங்கை எப்படி ஐயா கண்டுபிடிப்பீர்கள்?”

“அது ஊர்ந்த தடம் தெரியும், சாமி. மணல் கொஞ்சம் மேடாயிருக்கும். ஆனா கையை விட்டுத் தோண்டித்தான் எடுக்கணும். சில நேரம் வெறும் கல்லுதான் இருக்கும்.”

மருத்துவர் கேட்பதும் அந்தத் தோண்டுதலைத்தான். குழாயின் வழியே செல்லும் சிறு இடுக்கி மேற்சவ்வை மட்டும் கிள்ளி வந்தால், அடியிலுள்ள நோய் அதில் அகப்படாமல் போகலாம். ஆகவேதான் பல இடங்களில், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும், ஆழமாகத் துணுக்குகள் எடுக்கிறார்கள். அந்தக் கிள்ளல் பொதுவாக வலிப்பதில்லை.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்றைத் தாக்கும் காசநோய் விரும்பித் தங்குமிடமும் குருட்டுக்குடலை அடுத்த அதே மூலைதான். காய்ச்சல், இளைப்பு, வலி, புண் யாவும் ஒன்றுபோலவே இருக்கும். ஊகத்தை நம்பிக் காசநோய் மாத்திரை கொடுத்தால் லிம்போமா அதற்குள் வளர்ந்துவிடும். மாறாகக் காசநோயாளிக்குப் புற்றுநோய் மருந்தை ஏற்றினால் அவருடைய எதிர்ப்பாற்றல் குன்றிக் காசநோய் உடலெங்கும் பரவக்கூடும்.

இப்போது என் பிழை. நான் முன்பு பணியாற்றிய ஊரில் ஒரு தாய்க்கு இதே துன்பம் நேர்ந்தது. முதல் துணுக்கில் ஒன்றும் தெரியவில்லை. காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை தொடங்கிய மருத்துவர், இரண்டு மாதத்தில் மறுபடியும் வரச் சொன்னார். மீண்டும் அந்தக் கூச்சமும் செலவுமா என்று அவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். “ஒன்றும் இல்லையென்று வந்துவிட்டதே, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்” என்று சொன்னவன் நான். ஐந்தாம் மாதம் குடலில் ஓட்டை விழுந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். அறுத்துப் பார்த்தபோதுதான் அது லிம்போமா என்று தெரிந்தது. அவர் பிழைக்கவில்லை. அவருடைய மக்கள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கடினமாயிருக்கிறது.

ஆதலால் பெரியவரை நானே மறுசோதனைக்கு அழைத்துச் சென்றேன். “குடலிலே நோய்; கழுத்தையும் அக்குளையும் ஏன் தடவுகிறார்?” என்று வழியில் வினவினார். இலண்டன் மருத்துவர்களான டாசனும் அவர்தம் தோழர்களும் வகுத்த விதி அது: நிணநீர்க் கணுக்கள், மார்பு, இரத்த அணுக்கள், ஈரல், மண்ணீரல் இவற்றில் நோய் இல்லையென்று கண்டாலன்றி, குடலில் பிறந்த நோய் என்று கூறலாகாது. அவர்கள் அதை வெளியிட்டதும் 1961-இல்தான். தகப்பனார் கடைசியாகப் பாரில் இறங்கிய ஆண்டு என்றதும் பெரியவர் சிறிது சிரித்தார்.

இம்முறை பத்துத் துணுக்குகள் எடுத்தனர். சிறப்புச் சாயங்கள் இட்டுப் பார்த்ததில் பெயர் தெரிந்துவிட்டது: பி-செல் லிம்போமா. பெருங்குடலில் வருகின்ற லிம்போமாவில் பெரும்பகுதி இவ்வினத்ததே. வழக்கமான குடற்புற்றுக்குக் கத்தியே முதல் மருந்து. இதற்கோ பெரும்பாலும் ஊசி மருந்துகளும் மாத்திரையும், அவற்றோடு ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும், மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏற்றப்படுகின்றன. முற்றிலும் குணமடைந்தவர் பலர். செலவைக் கேட்டு மலைத்த குடும்பத்தாரிடம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்கச் சொன்னேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அது உதவும். பழைய தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது.

மூன்றாம் சுற்று முடிந்திருக்கிறது. தலைமுடி உதிர்ந்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கடல் தண்ணீர் எப்போது மேலே படலாம் என்பதே நாள்தோறும் கேள்வி. அடுத்த வாரம் மருத்துவரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.