காயம் இருக்கிறது, காகிதம் இல்லை: ஒரு பதக்கத்துக்கு ஏன் 73 ஆண்டுகள்?

1951ஆம் ஆண்டு. கொரியப் போர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த இளம் வீரர் ஒருவரின் அருகே மோர்ட்டார் குண்டு வெடிக்கிறது. சிதறிய இரும்புத் துண்டு ஒன்று அவரது தொடைக்குள் போகிறது. நரம்புக்கு மிக அருகில் இருப்பதால் அதை எடுப்பது ஆபத்து என்று மருத்துவர்கள் பிறகு சொல்லிவிட்டார்கள். துண்டு அங்கேயே இருந்துவிட்டது.

போரில் காயம்பட்டவர்களுக்கு அமெரிக்கா ஒரு பதக்கம் கொடுக்கிறது. இவருக்கு அது கிடைத்த ஆண்டு 2024. அப்போது அவருக்கு வயது 96.

"உடம்புக்குள்ளேயே இரும்பு இருக்கு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்க ராணுவம் கேட்டது வேறு ஆதாரம். அந்த இரும்பு எப்படி வந்தது, எப்போது வந்தது, அதற்கு யார் சிகிச்சை கொடுத்தார்கள் என்று அன்றைக்கே எழுதப்பட்ட தாள் எங்கே என்று கேட்டது.

இவரைப் போன்ற பலர் தங்கள் சேவைப் பதிவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்கிறார்கள். சிலருக்குக் கிடைக்கிறது, பலர் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறார்கள். ஏன் இப்படி?

அது என்ன பதக்கம்?

பெயர் 'பர்பிள் ஹார்ட்'. ஊதா நிற இதய வடிவம், நடுவில் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம். வாஷிங்டன் 1782இல் தொடங்கிய ஒரு விருதுதான் இதன் மூலம். இடையில் மறக்கப்பட்டுக் கிடந்ததை, அவரது 200ஆவது பிறந்தநாளில், 1932 பிப்ரவரி 22ஆம் தேதி, தளபதி டக்ளஸ் மெக்கார்த்தர் மீண்டும் உயிர்ப்பித்தார்.

மற்ற பதக்கங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீரத்துக்கான பதக்கம் என்றால் மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பர்பிள் ஹார்ட்டுக்குப் பரிந்துரை தேவையில்லை. தகுதி இருந்தால் அது அவருடைய உரிமை. அப்படியென்றால் சுலபமாகக் கிடைக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். தகுதி இருக்கிறது என்று காட்டுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும், மருத்துவ அதிகாரி சிகிச்சை தரும் அளவுக்கு அது இருந்திருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வமாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

முதல் இரண்டும் போர்க்களத்தில் நடப்பவை. மூன்றாவது நடப்பது மேசையில்.

தேசிய சேவை முடித்த அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எம்.சி. இல்லையென்றால் காய்ச்சல் இல்லை என்றுதான் அர்த்தம்! முகாமில் அது வேடிக்கை. குண்டு விழும் இடத்தில் அந்தச் சீட்டை யார் எழுதுவது?

தாள் எங்கே தொலைகிறது?

அந்த மினசோட்டா வீரருக்கு முதலில் கட்டுப்போட்டது களத்தில் இருந்த மருத்துவ உதவியாளர். அதைப் பதிவு செய்வதற்குள் அவர் போரில் இறந்திருக்கலாம் என்பது வீரரின் நம்பிக்கை. உடன் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இன்று உயிரோடு இல்லை. சாட்சி சொல்ல இன்று ஆள் இல்லை.

இது அபூர்வமான கதை இல்லை. காயத்தோடு படையிலேயே தங்கிவிட்டவருக்கு மருத்துவமனைப் பதிவே இருக்காது. மருத்துவமனைக்குப் போனவரின் தாள் அவருடைய சேவைக் கோப்பில் வந்து சேராமல் போயிருக்கலாம். சில இடங்களில் பதிவு இருக்கும், ஆனால் அதில் 'போர்க் காயம்' என்று இருக்காது, வெறும் 'காயம்' என்றுதான் இருக்கும். லாரியிலிருந்து விழுந்தாலும் காயம், குண்டு பட்டாலும் காயம். பல ஆண்டுகள் கழித்து அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. போரிலிருந்து உயிரோடு திரும்பிய பலர் பதக்கத்தைப் பற்றி வாயைத் திறப்பதே இல்லை. "பக்கத்துல இருந்தவன் செத்துட்டான், நான் போய்ப் பதக்கம் கேக்கவா?" என்ற மனநிலை. பிள்ளைகள் வற்புறுத்தும்போது வயது எழுபது, எண்பது ஆகிவிடுகிறது.

ஒரு தீ, பல லட்சம் வாழ்க்கை

அமெரிக்க வீரர்களின் பழைய கோப்புகள் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் அருகே ஒரு கட்டடத்தில் இருந்தன. 1973 ஜூலை 12ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பாளர்கள் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். ஆனாலும் தீயை முழுமையாக அணைக்க நாலைந்து நாள் பிடித்தது.

1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. இரண்டு உலகப் போர்கள், கொரியப் போர் எல்லாமே அதற்குள் அடக்கம். ஆகாயப்படையின் கதை இன்னும் விசித்திரம். 1947 முதல் 1964 வரை விடுபட்டவர்களில், அகர வரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில்தான் 75 விழுக்காடு எரிந்தது. உங்கள் பெயர் 'ஆண்டர்சன்' என்றால் தப்பித்தீர்கள். 'வில்சன்' என்றால் போச்சு.

நகல் இல்லை. மைக்ரோஃபிலிம் இல்லை. எது எரிந்தது என்று சொல்ல ஒரு பட்டியல்கூடக் கிடையாது.

ஆக, அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்த தாள் அரசாங்கத்தின் கட்டடத்திலேயே எரிந்துவிட்டது. பிறகு அதே அரசாங்கம் வீரரைப் பார்த்து, "ஆதாரம் கொண்டு வா" என்கிறது. இதில் நியாயம் எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது?

படையிலிருந்து விடுபடும்போது ஒருவருக்குக் கொடுக்கப்படும் சான்றிதழின் பெயர் டிடி-214. எங்கே பணியாற்றினார், என்னென்ன பதக்கம் பெற்றார் என்று எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் எவ்வளவு முக்கியமோ, அமெரிக்காவில் முன்னாள் வீரருக்கு அது அவ்வளவு முக்கியம். அதில் பிழை இருந்தால், திருத்தம் டிடி-215 என்ற தனித் தாளாக வரும்.

முதலில் அந்தந்தப் படையின் பதக்கப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே முடியாது என்றால் சேவைப் பதிவுத் திருத்த வாரியம். ராணுவத்தின் வாரியம் என்றாலும் அதில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் சீருடை அணியாத சாதாரண அரசு ஊழியர்கள். பிழையைக் கண்டுபிடித்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் 90 வயதிலும் ஒருவரால் விண்ணப்பிக்க முடிகிறது.

எதைக் காட்டலாம்? மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவு, படைப் பிரிவின் அன்றாடக் குறிப்பேடு, உடன் இருந்தவர்களின் எழுத்துச் சாட்சியம், அந்தக் காலத்துக் கடிதம். தீயில் கோப்பு போனாலும், ராணுவ மருத்துவத் துறை தனியாக வைத்திருந்த மருத்துவமனைச் சேர்க்கைத் தகவல் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஒரே காயம், இரண்டு பதில்

பலருக்குப் புரியாத இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடும் சிகிச்சையும் தருவது ஒரு துறை. பதக்கத்தை முடிவு செய்வது ராணுவம், அது வேறு துறை. இழப்பீட்டுத் துறைக்கு ஒரு சட்ட விதி உண்டு: இரு பக்கமும் ஆதாரம் ஏறக்குறைய சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் வீரருக்கே. திருத்த வாரியத்தில் அது கிடையாது. அங்கே ராணுவத்தின் பதிவு சரியானது என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்குகிறது. அது தவறு என்று நிரூபிக்கும் பாரம் வீரர் தலையில். தராசு அவர் பக்கம் கொஞ்சமாவது சாய வேண்டும், சமமாக நின்றால் போதாது.

விளைவு? "ஆமாம், இந்தக் காயம் போரில் ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்" என்று ஒரு துறையின் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். மாதாமாதம் இழப்பீடும் வரும். அதே தாளைக் கொண்டு போனால், "போதிய ஆதாரம் இல்லை" என்று இன்னொரு துறை திருப்பி அனுப்பும். மினசோட்டா வீரருக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அவர் 2023இல் ராணுவத்தின்மீது வழக்குப் போட்டார். செனட்டர் ஏமி குளோபுச்சர் தலையிட்டார். அதன் பிறகுதான் ராணுவம் தன் பழைய முடிவை மாற்றிக்கொண்டது.

வழக்குப் போடவும் செனட்டரைப் பிடிக்கவும் முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? இந்த அமைப்பின் பெரிய ஓட்டை அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ராணுவம் ஏன் இவ்வளவு கறார்?

அதன் பக்கமும் ஒன்று இருக்கிறது. பொய் சொல்லிப் பதக்கம் அணிபவர்கள் உண்டு. பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதைக் குற்றமாக்கி 2006இல் சட்டம் வந்தது. பொய் சொல்வதும் பேச்சுச் சுதந்திரம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2013இல் புதிய சட்டம்: பணமோ சலுகையோ பெறுவதற்காகப் பொய் சொன்னால் குற்றம்.

சலுகைகளும் சின்ன விஷயமில்லை. பதக்கத்தோடு மாதப் பணம் எதுவும் வராது. ஆனால் அரசு மருத்துவச் சிகிச்சையில் முன்னுரிமை, அரசு வேலையில் கூடுதல் புள்ளிகள், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்படும் தகுதி எல்லாம் உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காயப்பட்டவர்கள் என்றால் முழுக் கல்விச் சலுகையும் சேரும். 'யார் கேட்டாலும் கொடு' என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஏமாற்றுக்காரரைப் பிடிக்கப் போட்ட வலையில் தொண்ணூறு வயதுக்காரர்கள் மாட்டுவது சரியா?

கண்ணுக்குத் தெரியாத காயம்

இது பழைய போர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 8ஆம் தேதி ஈராக்கின் அல் அசாத் தளத்தை ஈரானிய ஏவுகணைகள் தாக்கின. யாரும் சாகவில்லை. முதலில் வந்த செய்தி, அமெரிக்கர் யாருக்கும் பாதிப்பில்லை என்பது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சி இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களில் 29 பேருக்கு அதே ஆண்டு பர்பிள் ஹார்ட் கிடைத்தது. மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பற்றிக் கேள்விகள் எழுந்த பிறகு, 2021 இறுதியில் மேலும் 39 பேருக்கு அனுமதி வந்தது.

ரத்தம் வராத காயத்தை எப்படிப் பதிவு செய்வது? மூளை அதிர்ச்சியை ஏற்கலாம் என்று 2011இல் ராணுவம் தெளிவுபடுத்தியது. போருக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குப் பதக்கம் கிடையாது என்பது 2009ஆம் ஆண்டு முடிவு. அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பதிவு கணினிக்கு மாறிவிட்டது. ஆனால் குண்டு வெடித்த அன்று "தலை கொஞ்சம் வலிக்குது, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்த வீரருக்கு, கணினியிலும் ஒன்றும் இருக்காது.

வீரர் இறந்துவிட்டால்?

குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம். படையிலிருந்து விடுபட்டு 62 ஆண்டுகள் ஆன கோப்புகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

செயின்ட் லூயிஸில் நனைந்தும் கருகியும் மீட்கப்பட்ட கோப்புகள் சுமார் 65 லட்சம். தீக்குப் பிறகு அவற்றை உலர்த்தப் பயன்பட்டது எது தெரியுமா? விண்வெளிப் பயணச் சோதனைக்காகக் கட்டிய ஒரு வெற்றிட அறை! ஓரம் கருகி, பூஞ்சை படிந்த அந்தத் தாள்கள் இன்றும் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கின்றன. யாராவது ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால்தான், ஊழியர்கள் அந்தக் கோப்பை வெளியே எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.